அட்டை கட்டிய கை

அந்த அட்டையின் மூலையில் ஒரு துளை இருக்கும், துளையில் ஒரு நூல். நூலைக் காயம்பட்டவரின் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். கையுறை மாட்டிய விரலால் முடிச்சுப் போடுவதே சிரமம். அதில் ரத்தமும் பட்டிருந்தால் நூல் வழுக்கிக்கொண்டே போகும். நான் முதன்முதலாகக் கறுப்பு அட்டை கட்டிய இரவில் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது தடவை கட்டும்போது அந்த மனிதர் கண்ணைத் திறந்து, "சிஸ்டர், இது என்ன கலர்?" என்று கேட்டார்.

"பேர் எழுதுற அட்டைங்கய்யா" என்றேன்.

காயம்பட்டவர்கள் கூட்டமாக வரும்போது யாரை முதலில் எடுப்பது என்று காட்டத்தான் அந்த அட்டை. சிவப்பு என்றால் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவர். மஞ்சள் என்றால் கொஞ்ச நேரம் தாங்குவார். பச்சை என்றால் நடந்தே போய் உட்காரக்கூடியவர். கறுப்பு என்றால் இறந்தவர். அல்லது மூச்சு இருந்தாலும், இருக்கிற ஆட்களையும் மேசைகளையும் வைத்துப் பார்த்தால் காப்பாற்ற முடியாது என்று ஒதுக்கப்பட்டவர். அவர் இரண்டாவது வகை. பெரிய விபத்து, ஒரே நேரத்தில் வந்து குவிந்த கூட்டம், இரண்டே இரண்டு தியேட்டர். எனக்குப் பின்னால் நின்ற மூத்த சிஸ்டர், "முடிச்சைப் போடும்மா, அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அவரும் அந்த முடிச்சைப் பல தடவை போட்டவர்தான்.

நான் ராணுவத்தில் இருந்தவள் இல்லை. அவசர சிகிச்சையிலும் ஐசியூவிலும் பல வருடம் நைட் டியூட்டி பார்த்த ஒரு நர்ஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு போர்க்கால ராணுவ மருத்துவமனைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒரு தடவை நடந்தது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தினமும் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே சாமி கும்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இவ்வளவு சாவைப் பார்த்த பிறகும் எப்படிக் கடவுளை நம்புறீங்க?" என்று எங்களிடம் நிறையப் பேர் கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களை ஆட்டுவது சாவு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சாவு எல்லோருக்கும் வரும், அதைச் சொல்லாத மதம் கிடையாது. ஆட்டுவது, யாரை முதலில் எடுப்பது என்று நாமே தீர்மானிப்பது. பிழைப்பவர் யார், போகிறவர் யார் என்பதெல்லாம் மேலே இருப்பவன் கணக்கு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்துவிட்டு, ஒருநாள் அந்தக் கணக்குப் புத்தகம் நம் கையில் இருப்பதைப் பார்க்கிறோம். அப்போதுதான் உள்ளே ஏதோ விரிசல் விடுகிறது.

இந்தப் பிரித்தெடுக்கும் முறைக்கு ட்ரியாஜ் என்று பெயர். பிரெஞ்சுச் சொல். பொருளும் அதேதான், தரம் பிரிப்பது. நெப்போலியன் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரேதான் இதற்கு முதல் உருவம் கொடுத்தவர் என்பார்கள். 1792இல் தொடங்கிய போர்களில், சண்டை முடியும்வரை காத்திருக்காமல் களத்துக்குள்ளேயே போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிவரும் லேசான குதிரை வண்டிகளை உருவாக்கியவரும் அவர்தான். அவருடைய விதி எளிமையானது: யார் அதிக ஆபத்தில் இருக்கிறாரோ அவர் முதலில், பதவியும் பட்டமும் பார்க்கக்கூடாது. அதிகாரிகளை முதலில் கவனிப்பதுதான் அதுவரை வழக்கம் என்பதால் அந்த நாளில் அது புரட்சி. படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்தது. கூடவே ஒரு உறுத்தலும் வந்தது. அதிகாரியா சிப்பாயா என்று பார்த்த காலத்தில், அநியாயமாக இருந்தாலும், முடிவு வேறு யாரோ எடுத்ததாக இருந்தது. லாரேக்குப் பிறகு முடிவு மருத்துவருடையது. நியாயம் வந்தது, அதன் பாரம் மருத்துவர் தோளில் ஏறியது.

நூறு வருடம் கழித்து, முதல் உலகப்போரில், அந்தப் பாரத்துக்கென்றே தனிக் கூடாரம் போட்டார்கள். போர்முனைக்குப் பின்னால் சில மைல் தூரத்தில் பிரிட்டிஷ் படை நடத்திய மருத்துவ நிலையங்களில் காயம்பட்டவர்கள் வந்து இறங்கியதும் பிரிக்கப்படுவார்கள். சிலர் அறுவைக்கு, சிலர் ரயிலேற்றிப் பின்னால் அனுப்ப, சிலர் உடல் சூடேறித் தெம்பு வரும்வரை படுக்க வைக்க. மிச்சம் இருப்பவர்கள் கடைசிக் கூடாரத்துக்கு. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரே சாகப்போகிறவர்களின் வார்டு என்றுதான் பொருள்படும். அங்கே அறுவை கிடையாது. மார்ஃபின் உண்டு, கம்பளி உண்டு, தண்ணீர் உண்டு, பக்கத்தில் ஒரு சிஸ்டர், சில சமயம் ஒரு பாதிரியார்.

பெல்ஜியத்தில் ஈப்பருக்கு மேற்கே பிராந்துக் என்று ஒரு சிற்றூர். 1917 ஜூலை 31 அன்று மூன்றாம் ஈப்பர் போர் தொடங்கியபோது அங்கே அடுத்தடுத்து மூன்று மருத்துவ நிலையங்கள் இருந்தன. அவற்றில் 32ஆம் எண் நிலையம் வயிறு, மார்பு, தொடைக் காயங்களுக்கானது. வயிற்றுக் காயத்துக்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும், அதனால்தான் குண்டு வந்து விழும் தூரத்திலேயே அதை வைத்தார்கள். அங்கே தலைமை சிஸ்டர் கேட் லுவார்டு. வயது 45. ஒரு பாதிரியாரின் மகள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலும் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அந்தக் கடிதங்களில் பெரிய இறையியல் எதையும் நீங்கள் பார்க்க முடியாது. மழை, சேறு, படுக்கை எண்ணிக்கை, யார் இன்று இறந்தார், யார் எதிர்பாராமல் பிழைத்தார், இதுதான். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாதிரியார் மகள் ஆயிற்றே, கடவுளிடம் ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்க மாட்டாரா என்று தேடினேன். அப்புறம் என் சொந்த டியூட்டி நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கறுப்பு அட்டை இரவில் நான் எழுதியிருந்தது ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, கொடுத்த மருந்து, நேரம். மனதுக்குள் நடந்த ஒன்றையும் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை, அந்த வேளையில் என்னிடம் சொல்லும் இல்லை. லுவார்டு கடிதங்களை அதற்குப் பிறகு வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். ஒரு பையனைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதுகிறார் என்றால் அந்த இரண்டு வரிதான் அவருடைய சண்டை.

ஆகஸ்ட் 2 அன்று அந்த நிலையத்துக்கு ஒரு மருத்துவரையே ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். நோயல் சவாஸ். லிவர்பூல் பிஷப்பின் மகன். அவருடைய இரட்டைச் சகோதரர் கிறிஸ்டோபர் படையில் மதகுரு. எதிரியின் கண்ணெதிரே ஊர்ந்துபோய்க் காயம்பட்டவர்களை இழுத்து வந்ததற்காக 1916இலேயே பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர். இந்தத் தடவை தானே காயம்பட்ட பிறகும் திரும்பத் திரும்பப் போய் மற்றவர்களை எடுத்துவந்து, கடைசியில் வயிற்றில் பட்டு வந்து சேர்ந்தார். அறுவை செய்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று இறந்துவிட்டார். இரண்டாவது விக்டோரியா கிராஸ் இறந்தபின் வந்தது. பிராந்துக்கில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லில் அந்தப் பதக்கத்தின் வடிவம் இரண்டு முறை செதுக்கப்பட்டிருக்கிறது.

எத்தனையோ பேரை இழுத்து வந்தவரை அவர் நம்பிய கடவுள் ஏன் இழுத்துவரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வார்டில் அன்று வேலை பார்த்தவர்களும் கேட்டிருப்பார்கள். அடுத்த படுக்கையில் டிரஸ்ஸிங் மாற்ற வேண்டியிருந்திருக்கும், போயிருப்பார்கள். அதே மாதம் 21ஆம் தேதி பக்கத்து 44ஆம் எண் நிலையத்தில் குண்டு விழுந்து நெல்லி ஸ்பிண்ட்லர் என்ற 26 வயது நர்ஸ் இறந்தார். அதன்பிறகு அந்த நிலையங்களை அங்கிருந்து அகற்றினார்கள்.

கடைசிக் கூடாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். அங்கே போனவர்கள் எல்லோரும் சாகவில்லை. சாகப்போகிறவர் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் சூடும் தண்ணீரும் கிடைத்த சில மணி நேரத்தில் நாடி திரும்பி, மறுபடி பார்த்த மருத்துவர் அறுவைக்கு எடுத்து, பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அதோடு அந்தக் கூடாரத்தின் வாசலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. போரின் முதல் மாதங்களில் வயிற்றில் குண்டு பட்டவரை அறுவை செய்யாமல் அப்படியே விட்டுவைப்பதுதான் பொது வழக்கம். 1915இல் சில மருத்துவர்கள் துணிந்து சீக்கிரமே வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், பிழைப்பவர் எண்ணிக்கை கூடியது. 1917இல் ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், எடுத்த ரத்தத்தில் அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டும் குளுக்கோஸும் கலந்து ஐஸ் பெட்டியில் முன்கூட்டியே சேர்த்துவைத்து, கம்ப்ரே போரில் ரத்த இழப்பால் அதிர்ச்சியில் கிடந்தவர்களுக்கு ஏற்றினார். அறுவையைத் தாங்க மாட்டார் என்று ஒதுக்கியவர்களில் சிலருக்கு முகத்தில் ரத்தம் ஓடி மேசை ஏறும் தெம்பு வந்தது.

அப்படியென்றால், 1914இல் கடவுள் எடுத்துக்கொண்டார் என்று தாய்க்குக் கடிதம் எழுதப்பட்ட அதே காயத்துக்கு 1918இல் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கடவுளின் மனம் நான்கு வருடத்தில் மாறியதா? இல்லை, ஐஸ் பெட்டி வந்தது. இதைப் படித்த அன்று நான் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. என் கறுப்பு அட்டையும் அப்படித்தானே. இன்னொரு தியேட்டர் இருந்திருந்தால், இன்னொரு அறுவை மருத்துவர் வந்து சேர்ந்திருந்தால், அது சிவப்பாக இருந்திருக்கலாம். விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடம் அது.

இந்த இடத்தில்தான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எனக்கு நெருக்கமானார். நர்சிங் படிக்கும்போது எங்களுக்குக் காட்டிய நைட்டிங்கேல் கையில் விளக்கோடு நடந்துபோகும் ஒரு படம், அவ்வளவுதான். அவரிடம் இருந்த தீவிரமான நம்பிக்கையையும் அதைவிடத் தீவிரமான சந்தேகத்தையும் யாரும் சொல்லித்தரவில்லை. 1837 பிப்ரவரி 7 அன்று, 16 வயதில், கடவுள் தன்னைப் பணிக்கு அழைத்ததாக எழுதிவைத்தவர் அவர். 1854 நவம்பரில், கிரிமியப் போரின்போது, இன்றைய இஸ்தான்புல்லில் இருக்கும் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு 38 பெண்களோடு போனார். அந்த 38 பேரில் கத்தோலிக்கக் கன்னியர் 10 பேர், ஆங்கிலிகன் சகோதரிகள் சிலர், மற்றவர்கள் மருத்துவமனைகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். யார் யாரை மதம் மாற்றிவிடுவார்களோ என்று ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம், ஊரிலிருந்து பத்திரிகைகளில் கூச்சல். தரையில் ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிரிவின் ஜெபம் சொல்வது என்று சண்டை. ஆத்மாவைக் கவனிக்க வந்து உடம்பை மறந்தவர்கள் மேல் நைட்டிங்கேலுக்குத் தீராத கோபம் இருந்தது. எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்குடாரியில் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள், பெரும்பாலும் காயத்தால் அல்ல, பேதியாலும் காய்ச்சலாலும். கட்டடம் நின்றதே அடைத்துக்கொண்ட சாக்கடைகளின் மேல். 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து கழிவுநீர்ப் பாதைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டம் ஏற்படுத்தியபோது, தண்ணீர் வரும் பாதையில் செத்த குதிரை கிடந்ததைக் கண்டார்கள். அதன்பிறகு சாவு மளமளவென்று இறங்கியது. ஊர் திரும்பிய நைட்டிங்கேல் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் துணையோடு கணக்குகளைப் பிரித்துப் பார்த்தார். தான் இரவெல்லாம் விளக்கோடு நடந்த அதே கட்டடத்தில், தண்ணீரையும் சாக்கடையையும் முன்பே கவனித்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று அந்த எண்கள் சொல்லின. 1857 ஆகஸ்டில் அவர் நிலைகுலைந்து படுத்துவிட்டார். அந்தக் கணக்குதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் மிச்சம் என்று வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கக்கூடாதா என்று ஒரு நர்ஸாக எனக்குத் தோன்றுகிறது.

அவர் கடவுளை விடவில்லை. ஆனால் அவருடைய ஜெபம் மாறியது. 1860இல் தனிச்சுற்றுக்கு மட்டும் அச்சிட்ட ஒரு பெரிய நூலில், கடவுள் விதிகளால் இயங்குகிறார், விதியைக் கண்டுபிடித்து அதன்படி நடப்பதுதான் மனிதன் வேலை என்று வாதிட்டார். கொள்ளைநோயிலிருந்து காப்பாற்று என்று கோயிலில் வேண்டிக்கொண்டே ஊர்ச் சாக்கடையையெல்லாம் தேம்ஸ் நதியில் விடுவது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. பலர் இதை நம்பிக்கை குறைந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். செத்த குதிரையைத் தூக்கிப் போடுவதையே வழிபாடாகப் பார்க்கும் நம்பிக்கை குறைந்த நம்பிக்கையா என்ன?

நம்பிக்கை அசையாதவர்கள் இந்தக் கஷ்டத்திலிருந்து தப்பித்தார்களா என்றால், அதுவும் இல்லை. ரஷ்யாவின் வலெந்தின் வோய்னோ யாசெனெத்ஸ்கியைப் பாருங்கள். சீழ் பிடித்த காயங்களுக்கான அறுவை சிகிச்சையில் பெரிய நிபுணர். மனைவி 1919இல் காசநோயில் இறந்தார். 1921இல் பாதிரியார், 1923இல் லூக்கா என்ற பெயரில் பிஷப். சோவியத் அரசு அவரை மூன்று முறை பிடித்தது, சிறையும் நாடுகடத்தலுமாகப் பதினொரு வருடம் போனது. 1941இல் ஜெர்மனி படையெடுத்தபோது சைபீரியாவில் கைதியாக இருந்த அவர், நான் அறுவை மருத்துவன், காயம்பட்டவர்களுக்கு வேலை செய்கிறேன், போர் முடிந்ததும் நாடுகடத்தலுக்கே திரும்பிவிடுகிறேன் என்று தந்தி அடித்தார். கிராஸ்னயார்ஸ்க் நகரில் 1515ஆம் எண் ராணுவ மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் ஆனார். நாத்திக அரசின் மருத்துவமனையில், நம்பிக்கைக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒரு பிஷப். வேறெங்கோ செய்த அறுவை சரியாகாமல் வந்து, இவர் கையில் கால் குணமான சிப்பாய்கள், காலை ரவுண்ட்ஸ் வரும்போது அந்தக் காலை நேராகத் தூக்கி சல்யூட் அடிப்பார்களாம். தன் வாழ்க்கை நினைவுகளில் இதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்.

மகனுக்கு எழுதிய கடிதத்தில் வேறொன்று சொன்னார். அறுவை அறையில் நடந்த மூன்று சாவுகள் தன்னைச் சாய்த்துவிட்டதாகவும், வயது ஏற ஏற இந்த வேதனையைத் தாங்குவது கடினமாகிக்கொண்டே போவதாகவும். மகனும் மருத்துவம் சார்ந்தவர்தான், ஆனால் நோயாளியை அறுப்பவர் அல்ல. உனக்கு இந்த வேதனை தெரியாது என்கிற தொனி அதில் இருக்கிறது. கிராஸ்னயார்ஸ்கில் அப்போது திறந்திருந்த தேவாலயம் இல்லாததால் இறந்தவர்களுக்காக வீட்டிலேயே ஜெபித்தார். பின்னால் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது, மூன்று சாவுக்குப் பிறகு அறையில் தனியாக ஜெபிக்கும் அந்தக் கிழவர்தான். நம்பிக்கை அவருக்கு மயக்க மருந்தாக இருக்கவில்லை.

தன் நம்பிக்கையைத் தாண்டி அடுத்தவர் நம்பிக்கையைக் காப்பதும் இந்த மருத்துவமனைகளின் வேலையாக இருந்தது. 1914 டிசம்பரிலிருந்து 1916 தொடக்கம்வரை இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனையை இந்தியச் சிப்பாய்களுக்கான ராணுவ மருத்துவமனையாக நடத்தினார்கள். ஒன்பது சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள், உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் அறிவிப்புகள். இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் தகனம் செய்தார்கள். 53 பேர். அங்கே 1921இல் திறந்த சத்திரி என்ற வெள்ளை நினைவு மண்டபம் இன்றும் நிற்கிறது. முஸ்லிம்களை வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். இதில் அரசியல் கணக்கு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. பேரரசு தன் சிப்பாய்களை எப்படிக் கவனிக்கிறது பார் என்று இந்தியாவுக்குக் காட்ட எடுத்த படங்கள் அதற்குச் சாட்சி. ஆனாலும் இந்தக் கிரமம் தவறக்கூடாது என்று, தான் நம்பாத ஒரு சடங்குக்காக விறகு ஏற்பாடு செய்த ஆட்களை நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எவ்வளவு பேருக்கு அது வெறும் உத்தரவு, எவ்வளவு பேருக்கு அதற்கு மேலே ஏதோ ஒன்று?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு டாக்டர் கடவுள் இல்லை என்பதில் உறுதியானவர், அதை ஒளித்ததும் இல்லை. ஆனால் ஒரு நோயாளி இறந்து குடும்பம் பிரார்த்தனை செய்ய ஆரம்பித்தால், எந்த மதமானாலும், முடியும்வரை தலை குனிந்து நிற்பார். மானிட்டர் சத்தத்தை அவரே போய் அணைப்பார். "நீங்க நம்பலையே டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க நம்புறாங்களே சிஸ்டர்" என்றார்.

செஞ்சிலுவையைத் தொடங்கக் காரணமான ஆன்றி துய்னானின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தீவிரக் கிறிஸ்தவர். 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் நடந்த சோல்ஃபரினோ போர் முடிந்தபின் பக்கத்து காஸ்டிலியோனே ஊரின் தேவாலயத்தில் குவிந்துகிடந்தவர்களுக்கு ஊர்ப்பெண்களோடு சேர்ந்து தண்ணீர் கொடுத்தார், காயம் கட்டினார். எல்லோரும் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண்கள் எதிரிப் படையினரையும் கவனித்ததாக எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1864இன் ஜெனீவா உடன்படிக்கை. அதன் இரண்டாம் விதி மருத்துவப் பணியாளர்களுக்குப் போரில் நடுநிலை கொடுக்கிறது, அதே வாக்கியத்தில் மதகுருக்களுக்கும். சட்டம் எழுதியவர்களுக்கு அந்த இரண்டு பேரும் ஒரே கூடாரத்தில் நிற்பவர்கள் என்று தெரிந்திருக்கிறது. துய்னான் மட்டும், வயதான காலத்தில் அமைப்பான மதத்திலிருந்து முழுக்க விலகி, தனக்கு எந்தச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு 1910இல் போய்ச் சேர்ந்தார். அவரை நான் நம்பிக்கை இழந்தவர்கள் பட்டியலில் சேர்க்கத் தயாரில்லை. எந்தப் பட்டியலிலும் சேர்க்கத் தெரியவில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களோடு வேலை பார்த்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், 1990களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் அறக்காயம் எனலாம். சரி என்று நம்பி வளர்ந்ததற்கு எதிராக ஒரு காரியம், நெருக்கடியான நேரத்தில், நம் கையாலோ நம் மேலதிகாரி கையாலோ நடந்துவிடும்போது படும் காயம். முதலில் சிப்பாய்களுக்குச் சொன்னது, பிற்பாடு மருத்துவப் பணியாளர்களுக்கும் வந்தது. கொரோனா காலத்தில் எங்கள் வார்டுகளிலும் அந்தச் சொல் புழங்கியது. கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பயந்த மனசுக்கு ஒரு மருத்துவம், புண்பட்ட மனசாட்சிக்கு வேறொன்று. தூக்கமாத்திரை முதலாவதைக் கொஞ்சம் தொடும், இரண்டாவதைத் தொடாது.

டியூட்டிக்குப் போகும் முன் நான் இன்றும் கும்பிடுகிறேன். வார்த்தைதான் மாறிவிட்டது. முன்பெல்லாம் "இன்னைக்கு யாரும் சாகக்கூடாது" என்று கேட்பேன். அந்த இரவுக்குப் பிறகு கொஞ்ச காலம் ஒன்றுமே கேட்க முடியவில்லை. கை கூப்பினால் நூல் வழுக்குவதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது "என் கண் தப்பக்கூடாது, நான் ஒதுக்கினவரைத் திரும்பப் போய்ப் பார்க்கணும்" என்கிறேன். கடைசிக் கூடாரத்திலிருந்து சிலர் எழுந்து வந்தது, யாரோ ஒரு சிஸ்டர் திரும்பப் போய் நாடி பிடித்துப் பார்த்ததால்தான். கறுப்பு அட்டை கட்டியவரை மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதிமுறையிலேயே இருக்கிறது. நெரிசலில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

நான் திரும்பப் போனேன். நடுராத்திரிக்கு மேல் ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. முதல் தடவை நாடி கிடைத்தது, ஓடிப்போய்ச் சொன்னேன், தியேட்டர் காலியில்லை. இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டார். குடிக்கக் கொடுக்க முடியாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன், உதட்டால் அதைப் பிடித்துக்கொண்டார். கையை விடவில்லை, அதனால் நானும் எழுந்திருக்கவில்லை. மூத்த சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், என் வேலையையும் சேர்த்துப் பார்க்கப் போய்விட்டார். மணி நான்கு பத்துக்கு அந்த மனிதர் இறந்துபோனார்.

லுவார்டும் அவரோடு இருந்தவர்களும் இறந்த ஒவ்வொரு பையனின் வீட்டுக்கும் கடிதம் எழுதுவார்கள். நூற்றுக்கணக்கில் எழுதினார்கள், பெரும்பாலும் ராத்திரியில், டியூட்டி முடிந்த பிறகு. வலி அதிகம் இல்லை, தூக்கத்தில் போனார், உங்களைப் பற்றிப் பேசினார் என்றெல்லாம் அந்தக் காலத்து நர்ஸ்களின் கடிதங்களில் வரும். சிலவற்றில் அது உண்மை. சிலவற்றில் அம்மா படித்துவிட்டு உயிரோடு இருக்க வேண்டுமே என்று எழுதியது. கடவுள்மேல் சந்தேகம் வந்தவர்கள்கூடக் கடிதத்தில் கடவுள் பெயரை எழுதினார்கள், வாங்கும் தாய்க்கு அது வேண்டியிருந்தது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை அந்தக் கறுப்பு அட்டை மனிதரின் மகன் சில நாள் கழித்துப் போனில் கூப்பிட்டார். கடைசியில் கூட இருந்த சிஸ்டர் யார் என்று விசாரித்து நம்பர் வாங்கியிருக்கிறார். "அப்பா கடைசியா ஏதாவது சொன்னாங்களா சிஸ்டர்?" என்றார்.

தண்ணீர் கேட்டார் என்றேன். பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது, நானும் பேசவில்லை. பிறகு "தனியா இல்லையே" என்று கேட்டார். "இல்லைங்க, நான் இருந்தேன்" என்றேன்.

கலர் கேட்டதைச் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.